அடிவயிற்று நோவுக்கு ஒளிச் சிகிச்சை: மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"கர்ப்பப்பையில புண்", "உள்ளுக்க வீக்கம்", "வெள்ளைபடுது", "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது". எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த நாலு பேச்சுக்குள் சொல்லி முடிப்பது ஒரு நோயை அல்ல, ஏழெட்டு வேறு வேறு நோய்களை. பல வருடமாக மாத்திரை குடித்தும் நோவு போகாத ஒருவருக்கு, "லேசர் வைத்தால் சுகமாகிவிடும்", "இந்தச் சிவப்பு லைட் பெல்ட்டைக் கட்டினால் போதும்" என்று ஒரு விளம்பரம் போனில் வந்தால் அவர் நம்பத்தான் செய்வார். நம்புவதில் அவர் மீது ஒரு பிழையும் இல்லை. அவருக்குச் சரியான விளக்கத்தை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒளிச் சிகிச்சை பொய்யல்ல. சில நோய்களில் அது நோவைக் குறைக்கும், தோல் ஆற உதவும். ஆனால் கிருமித் தொற்றை அது அழிக்காது, கட்டியைக் கரைக்காது, அடைபட்ட கருக்குழாயைத் திறக்காது. அதனால் நோய்க்கு முதலில் பெயர் வைக்க வேண்டும். ஒளியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். கீழே உள்ள படிகளை அந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். ஒழுங்கை மாற்றினால் காசும் போகும், காலமும் போகும்.

படி 1: உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலையா என்று பாருங்கள்

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் நோவு, தலைச்சுற்று, மயக்கம், தோள் நுனியில் நோவு வந்தால் அது குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தியோடு அடிவயிற்று நோ என்றால் தொற்று கடுமையாகியிருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். இந்த நிலைகளில் ஒத்தணமும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம்தான். இரவு என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும், அவசர அம்புலன்ஸ் தேவையில்லை. ஆனால் அந்தக் கிழமைக்குள்ளேயே காட்ட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை அந்த இடத்தில் எந்த ஒளிச் சிகிச்சையும் செய்யக் கூடாது.

படி 2: நோயின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக பொறுமை வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று நோவை நாள்பட்ட நோவு என்று வைத்தியர்கள் எடுக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கக்கூடியவை இவை.

முதலாவது, இடுப்புக்குழி அழற்சி. கிளினிக்கில் இதை பி.ஐ.டி. என்று எழுதுவார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக ஏறும் கிருமிகள் கர்ப்பப்பை, குழாய், சூலகம் வரை போய் அழற்சியை உண்டாக்கும். கிளமிடியா, கொனோரியா இரண்டும் இதற்கு முக்கிய காரணங்கள், ஆனால் அவை மட்டுமே காரணம் இல்லை. கொடுமை என்னவென்றால் கிளமிடியா பல பெண்களில் அறிகுறியே காட்டாமல் உள்ளே வேலை செய்யும். குழாயில் தழும்பு விழுந்து, பிள்ளை தங்காமல் போகும்போதுதான் தெரிய வரும். ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் அந்த ஆபத்து கூடும். லூப் (கர்ப்பம் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் வைப்பது) போட்டிருந்தால், போட்ட முதல் மூன்று கிழமைக்குள்தான் இந்த அழற்சிக்கான வாய்ப்பு சற்று அதிகம். அதற்குப் பிறகு வரும் நோவுக்கெல்லாம் லூப்பைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்ந்து, ஒவ்வொரு மாதமும் அழற்சியை உண்டாக்கும் நோய். மாதவிடாய்க்கு முன்னரே தொடங்கும் நோ, உறவின்போது ஆழத்தில் நோ, மலம் கழிக்கும்போது நோ. இது கிருமியால் வருவதல்ல, ஆகவே அன்டிபயோட்டிக் குடித்துப் பயனில்லை. "கல்யாணம் கட்டினாச் சரியாகிடும்" என்று தட்டிக் கழிக்கப்படும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த நோயோடு இருக்கிறார்கள்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று. தயிர் போன்ற வெள்ளை, தாங்க முடியாத கடி. வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் கட்டாயம் சீனி பாருங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாமல் பூஞ்சைக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

நான்காவது, வெளித்தோலில் வரும் லைக்கன் ஸ்கிளிரோசஸ். தோல் வெளுத்து, மெலிந்து, கடித்து, சில நேரம் வெடித்து எரியும். இதைப் பூஞ்சை என்றோ வெண்படை என்றோ நினைத்து வருடக்கணக்காகத் தவறான கிறீம் பூசுபவர்கள் உண்டு. சிறிய அளவில் புற்றுநோய் ஆபத்தும் இதில் இருப்பதால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைந்து வரும் வறட்சியும் எரிவும், காரணம் தெரியாமல் யோனி வாயிலில் எரியும் வல்வோடினியா, சிறுநீர்ப்பையில் நீண்ட கால அழற்சி, இடுப்படித் தசைகள் இறுகிப் போவது, இவையும் இதே முறைப்பாட்டோடுதான் வரும். எங்கள் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று காசநோய். நுரையீரலில் மட்டுமல்ல, குழாய்களிலும் கர்ப்பப்பையிலும் அது தங்கும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

படி 3: எங்கே போவது, எப்படிக் கேட்பது

படுவான்கரையில் இருந்தோ வாகரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ கிளினிக்குக்குப் போவது என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பது தெரியும். அறுவடைக் காலம் என்றால் அந்த நாள் கூலியும் போகும். எனவே முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம், அதாவது மிட்வைப் மிஸ்ஸிடம், பேசிவிடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது, அடிவயிற்று நோவுக்கு எந்த வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக் கிட்ட என்பதை அவரே சொல்வார். வெல் வுமன் கிளினிக்கில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பப் பரிசோதனையும் செய்வார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் எல்லாப் பெண்களும் அதைச் செய்துகொள்வது நல்லது, நோவு இல்லாவிட்டாலும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும், அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் வி.ஓ.ஜி.யை, அதாவது பெண்நோயியல் விசேட வைத்தியரை, பார்க்கலாம். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளின் ஓ.பி.டி.யில் காட்டியும் கிளினிக்குக்குத் துண்டு வாங்கலாம். அரச வைத்தியசாலையில் இவை எல்லாம் இலவசம்.

பாலியல் நோய்களைப் பரிசோதிக்கும் எஸ்.டி.டி. கிளினிக் என்ற பெயரைக் கேட்டதும் பயப்படுவது வழமை. அங்கே போவதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. கணவர் வெளிநாட்டில் இருந்து வந்து போகிறவராக இருந்தாலும், நீங்களே வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவராக இருந்தாலும், அல்லது அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், நாள்பட்ட நோவு என்றால் இந்தப் பரிசோதனையைச் செய்து ஒரு காரணத்தை இருக்கிறதா இல்லையா என்று முடித்துவிடுவது மனதுக்கு நிம்மதி.

உள்பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்ட விரும்புகிறேன் என்றும் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், "மிஸ், நீங்களும் கூட நில்லுங்க" என்றால் போதும்.

போகும்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசி மாதவிடாய் எப்போது, நோவு மாதவிடாயோடு வருகிறதா எந்நேரமும் இருக்கிறதா, உறவின்போது நோகிறதா, வெள்ளையின் நிறமும் மணமும் என்ன, இதுவரை குடித்த மருந்துகள் எவை, நாட்டு மருந்து உட்பட. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். "டொக்டர், இதுக்கு என்ன பெயர்? கொப்பியில எழுதித் தாங்க" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி ஒன்றே பிறகு பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

படி 4: தொற்று என்றால் மருந்தை முழுதாக முடியுங்கள்

பி.ஐ.டி.க்கு பல நாடுகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை இதுதான்: செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஒரு தடவை, அதோடு டொக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் 14 நாள், மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் காலையும் மாலையும் 14 நாள். உங்கள் வைத்தியர் உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றலாம். கர்ப்பம் என்றால் டொக்ஸிசைக்கிளின் கொடுக்க மாட்டார்கள். இதை வாசித்துவிட்டு பாமசியில் நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாளிலேயே நோவு குறையத் தொடங்கும். குறையவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். குறைந்துவிட்டது என்றால் அப்போதுதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பாதியில் நிறுத்திய மருந்துதான் நாள்பட்ட நோவுக்கு வழி திறக்கிறது. 14 நாளும் குடியுங்கள். டொக்ஸிசைக்கிளினை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்க வேண்டாம். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் பாலையும் அதோடு சேர்க்காமல் சில மணி நேரம் தள்ளி எடுங்கள்.

துணைவருக்கும் மருந்து வேண்டும். கடந்த 60 நாட்களுக்குள் உறவு இருந்திருந்தால், அவருக்கு ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். இருவரும் மருந்தை முடிக்கும் வரை உறவைத் தவிருங்கள். அவர் மறுத்தால் மருந்தால் வந்த சுகம் நிலைக்காது. இதை அவரிடம் சொல்வது கஷ்டம் என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், பேசுவதற்கு அவர்கள் உதவுவார்கள்.

இன்னொன்று: உள்ளே கிருமிநாசினித் திரவம் ஊற்றிக் கழுவுவதை நிறுத்துங்கள். அது நல்ல கிருமிகளையும் அழித்து, தொற்று வருவதை இலகுவாக்குகிறது. வெளியே தண்ணீரால் கழுவினால் போதும்.

படி 5: ஒளி உடலில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒளியால் நோய் தீர்ப்பது புதிய கதை இல்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோயைச் செறிந்த ஒளியால் குணப்படுத்தி 1903 இல் நோபல் பரிசு பெற்றார். 1967 இல் ஹங்கேரியின் எண்ட்ரே மெஸ்டர், மென்மையான லேசர் ஒளி பட்ட எலிகளில் மயிர் வேகமாக வளர்வதைக் கண்டார். இன்றைய சிவப்பு ஒளிச் சிகிச்சை அங்கே தொடங்கியது. இரண்டையும் குழப்பக் கூடாது. ஃபின்சன் பயன்படுத்தியது நீல ஊதாப் பக்கத்து ஒளி. மெஸ்டரின் சிவப்பு ஒளி கிருமியைக் கொல்லாது.

சிவப்பு ஒளி சுமார் 630 முதல் 660 நானோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு சுமார் 800 முதல் 1000 நானோமீற்றர். இந்த ஒளியை உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் பகுதியான இழைமணியின் ஒரு நொதி உறிஞ்சுகிறது. உயிரணுவின் சக்தி உற்பத்தி கூடுகிறது, நைட்ரிக் ஒட்சைட்டு வெளியாகி இரத்த ஓட்டம் கூடுகிறது, அழற்சியைத் தூண்டும் சில பொருட்கள் குறைகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு வாயில் புண் வராமல் தடுக்க இந்த முறையைச் சர்வதேச வழிகாட்டல்களே பரிந்துரைக்கின்றன. ஆகவே ஒளியின் வேலை உண்மைதான்.

இரண்டு வரம்புகளை மறக்காதீர்கள். ஒன்று, அளவு. குறைந்தால் பலனில்லை, கூடினாலும் பலன் குறைந்துவிடும். பயிருக்கு யூரியா போடுவது போலத்தான், இரு மடங்கு போட்டால் இரு மடங்கு விளையாது. மற்றது, ஆழம். சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீற்றர்தான் போகும். அகச்சிவப்பு அதைவிட ஆழமாகப் போனாலும் ஓரிரு சென்ரிமீற்றர் கடந்ததும் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சும். சூலகமும் குழாயும் வயிற்றுத் தோலில் இருந்து பல சென்ரிமீற்றர் உள்ளே. வயிற்றின் மேல் வைத்த பெல்ட்டின் ஒளி அங்கே போய் அழற்சியைக் குணமாக்கும் என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். அந்த ஒளி தோல், கொழுப்பு, மேல் தசை, நரம்பு நுனிகளில் வேலை செய்து நோவைத் தணிக்கலாம். அதுவும் ஒரு உதவிதான், ஆனால் அது வேறு.

படி 6: உங்கள் நோய்க்கு எந்த ஒளி, எவ்வளவு நம்பலாம்

பி.ஐ.டி.: பழைய சோவியத் நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அன்டிபயோட்டிக்கோடு சேர்த்து லேசர் கொடுக்கும் வழக்கம் உண்டு. நரம்புக்குள் லேசர் செலுத்தும் முறையும் இருக்கிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சை பெற்ற குழு இல்லை. உலகில் அதிகம் பின்பற்றப்படும் பி.ஐ.டி. வழிகாட்டல்களில் ஒளிச் சிகிச்சை இடம்பெறவில்லை. தொற்று முடிந்த பிறகும் தசை இறுகி நோகிறது என்றால், நோவுக்கு ஒரு கூடுதல் உதவியாக மட்டும் யோசிக்கலாம்.

மாதவிடாய் நோவு: இங்கேதான் ஒளிக்கு ஓரளவு நல்ல சாட்சி இருக்கிறது. கொரியாவில் நடந்த சிறிய ஆய்வுகளில், அடிவயிற்றின் குறிப்பிட்ட புள்ளிகளில் மென் லேசர் வைத்தவர்களுக்குப் போலி லேசர் வைத்தவர்களைவிட நோவு குறைந்தது. ஆனால் சூடும் அதே வேலையைச் செய்கிறது. 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 பாகை சூட்டை அடிவயிற்றில் நீண்ட நேரம் வைத்தது இப்யூபுரூஃபன் மாத்திரைக்கு இணையாக நோவைக் குறைத்தது. அம்மம்மா கொடுத்த ஒத்தணத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. லைட் வாங்க முன் வெந்நீர்ப் பையை முயன்று பாருங்கள்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ்: முதல் மருந்து குளோபெட்டாசோல் என்ற வலுவான ஸ்டீரொயிட் களிம்பு. யூ.வி.ஏ.-1 என்ற புற ஊதா (யூ.வி.) ஒளியும் உதவுகிறது, ஆனால் 2014 இல் வெளியான ஜேர்மன் ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டபோது களிம்புதான் மேலாக இருந்தது. களிம்பு சேராதவர்களுக்குத் தோல் வைத்தியர் ஒளியை யோசிக்கலாம். இது வீட்டில் செய்வதல்ல.

மாதவிடாய் நின்ற பின் வறட்சி: இதற்குத்தான் தனியார் நிலையங்கள் காபனீரொட்சைட்டு லேசர், எர்பியம் லேசர் என்று விளம்பரம் செய்கின்றன. இவை மென்மையான ஒளி அல்ல, திசுவைச் சூடாக்கி மேற்பரப்பைச் சிறிது சுட்டுப் புதுப்பிக்க முயல்பவை. 2018 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த நோக்கத்துக்கு இவை அங்கீகரிக்கப்படவில்லை, தீக்காயம், தழும்பு, நீங்காத நோவு வந்திருக்கின்றன என்று எச்சரித்தது. 2021 இல் வெளியான சிட்னி ஆய்வில், உண்மை லேசரும் போலி லேசரும் 12 மாதம் கழித்து ஒரே பலனைத்தான் காட்டின. மண்ணிறத் தோலில் சூட்டு லேசர் கறுப்புத் தழும்பு விடும் வாய்ப்பும் அதிகம். ஈஸ்ட்ரஜன் கிறீம், ஈரப்பத ஜெல் பற்றி முதலில் வி.ஓ.ஜி.யிடம் கேளுங்கள்.

இடுப்படித் தசை நோவு, வல்வோடினியா: உள்ளே செலுத்தும் அகச்சிவப்புக் கருவியால் பல பெண்களுக்கு நோவு குறைந்ததாக அறிக்கைகள் உள்ளன. ஒப்பிடும் குழு இல்லாத அறிக்கைகள் அவை. தசையைத் தளர்த்தும் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், ஒளி அதற்குத் துணை.

பூஞ்சை, எண்டோமெட்ரியோசிஸ், காசநோய் மூன்றுக்கும் ஒளி வேண்டாம். மருந்து இருக்கிறது.

படி 7: உங்களுக்கு ஒளி கூடாதா என்று பாருங்கள்

கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், வயிற்றிலோ இடுப்பிலோ ஒளிச் சிகிச்சை வேண்டாம். புற்றுநோய் இருந்தால், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால், காய்ச்சலோடு தொற்று இருந்தால் வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்த ஒளிக்கும் போகக் கூடாது.

சில மருந்துகள் தோலை ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்திறன் ஆக்கும். பி.ஐ.டி.க்குத் தரும் அதே டொக்ஸிசைக்கிளின் அதில் ஒன்று. அதைக் குடிக்கும் நாட்களில் யூ.வி. சிகிச்சை கூடாது. வயலிலும் கடற்கரையிலும் வெயிலில் வேலை செய்பவர்கள் கையையும் முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும், எங்கள் பக்கத்து வெயில் சாதாரணமானதல்ல. சிப்ரோஃப்ளொக்சசினும் அப்படித்தான். சித்த, ஆயுர்வேத மருந்து எடுப்பவர்கள் கார்போக அரிசி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதில் உள்ள சொராலென் யூ.வி. ஒளியோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டுக் கொப்பளிப்பதும் இதே காரணத்தால்தான்.

பிசியோதெரபியில் டயதேர்மி என்ற சூட்டுச் சிகிச்சை தருவதானால் லூப் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அது ஒளி அல்ல, மின்காந்த அலை. உள்ளே உலோகம் இருந்தால் கவனம் வேண்டும்.

படி 8: நிலையத்துக்குப் போனால் கேட்க வேண்டியவை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கொழும்பிலோ, எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். இதைச் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா? கருவி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவானதா? எந்த நோய்ப் பெயருக்கு இந்தச் சிகிச்சை, அந்தப் பெயரை எழுதித் தருவீர்களா? அலைநீளம் எத்தனை நானோமீற்றர், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை ஜூல் (ஒளிச் சக்தியின் அளவு)? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாதவர் தான் கொடுக்கும் மருந்தின் அளவே தெரியாதவர். எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணாடி கேளுங்கள். சிகிச்சை லேசர்கள் பெரும்பாலும் 3-பி அல்லது 4 ஆம் வகுப்பு, விழித்திரையைச் சுடக்கூடியவை. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியை உங்களுக்கும் தர வேண்டும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதாது.

உள்ளே வைக்கும் கருவி என்றால் ஒவ்வொருவருக்கும் புது உறை போட வேண்டும், உறை போட்டாலும் கருவியையும் ஒவ்வொரு தடவையும் முறையாகக் கிருமி நீக்க வேண்டும். "எப்படிச் சுத்தம் செய்றீங்க, எனக்கு முன்னால புது உறையைப் பிரிங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பத்துத் தடவைக்கான பணத்தை ஒன்றாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்று சொல்லுங்கள். "அன்டிபயோட்டிக்கை நிறுத்துங்க, லேசர் போதும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் வேறு கேள்வியே தேவையில்லை.

படி 9: வீட்டில் சிவப்பு லைட் பயன்படுத்துவதானால்

நோயின் பெயர் தெரிந்து, தொற்று இல்லை என்றாகி, மாதவிடாய் நோவுக்கோ தசை நோவுக்கோ முயல விரும்பினால் மட்டும் இந்தப் படி.

எல்.ஈ.டி. கருவி எடுங்கள், லேசர் வேண்டாம். பெட்டியில் அலைநீளம் எழுதியிருக்க வேண்டும். 850 நானோமீற்றர் இருக்கிறது என்று சொன்னால், போனின் முன் கெமராவால் பாருங்கள். பல போன்களில் அந்த எல்.ஈ.டி. மங்கலான ஊதாவாகத் தெரியும். யூ.வி. கிருமி நீக்கிக் குச்சிகளும் இணையத்தில் விற்பனைக்கு உண்டு. அவை பொருட்களுக்கு உரியவை. உடலுக்கு மேலேயோ உள்ளேயோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

அளவைக் கணக்கிடுவது இலகு. கருவியின் வலு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிவாட் என்றால், 10 நிமிடத்தில், அதாவது 600 செக்கனில், 18 ஜூல் சேரும். முதல் தடவை 5 ஜூலோடு தொடங்கலாம், அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. தோல் சிவக்கவில்லை, எரியவில்லை என்றால் மெதுவாகக் கூட்டலாம். கிழமைக்கு மூன்று தடவை போதும். நோவு வந்த நாளில் ஒரு மணித்தியாலம் வைத்துக் கிடப்பதில் பயனில்லை.

தோல் சுத்தமாக, எண்ணெயும் கிறீமும் இல்லாமல் இருக்க வேண்டும். கருவி சொல்லும் தூரத்தைக் கடைப்பிடியுங்கள். கட்டிக்கொண்டு தூங்கிவிட வேண்டாம், பெல்ட் சூடேறிச் சுட்டுவிடும். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணில் நேரே படாமல் பாருங்கள், பிள்ளைகள் விளையாடும் அறையில் வேண்டாம். வெளியில் வைப்பதற்குச் செய்த கருவியை உள்ளே வைக்கவே கூடாது.

படி 10: பலன் இருக்கிறதா என்று நீங்களே அளவிடுங்கள்

கிளினிக் கொப்பியின் பின்பக்கம் போதும். தொடங்க முன் ஒரு மாதவிடாய்ச் சுற்று முழுக்க, ஒவ்வொரு நாளும் நோவுக்குப் பூச்சியத்தில் இருந்து பத்து வரை ஒரு எண் போடுங்கள். எத்தனை நோ மாத்திரை குடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு ஒளியோடு இரண்டு சுற்று அதேபோல எழுதுங்கள். நோவு தானாகவே ஏறி இறங்கும் என்பதால், ஒரு நல்ல கிழமையை வைத்து முடிவெடுக்க முடியாது. முதலில் ஏழு என்று இருந்தது பெரும்பாலும் நான்கு ஐந்துக்கு வந்து, மாத்திரையும் குறைந்திருந்தால் தொடரலாம். மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நேரத்தைக் கூட்டி முயல வேண்டாம்.

இடையில் புதிதாக வெள்ளை, மணம், காய்ச்சல், இரத்தம் வந்தால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். மாதவிடாய் ஒரு நாள் தள்ளினாலும், கர்ப்பப் பரிசோதனை செய்யும் வரை லைட்டை எடுத்து வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பியை வி.ஓ.ஜி.யிடம் காட்டி, ஒளி வைத்ததையும் எத்தனை நாள் வைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "ஏன் செய்தீங்க" என்று ஏசினாலும் சொல்லுங்கள். அவர் தரப்போகும் அடுத்த மருந்து அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.